பாதி டேங்கில் நின்ற வண்டி

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. மரியாதை காரணமாக இருக்காது, மறந்திருப்பார்கள். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. புதிதாக வாங்கிய டேப்லெட். காரில் இணைத்தால் என்ன கோளாறு, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது வரை அதுவே சொல்லிவிடுமாம். படத்துக்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. இப்போதைய சர்வீஸ் மேனேஜர் என் பெயரைப் போட்டு, "சபாபதி சார், இனிமே கோளாறு கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு வேலையே இல்ல. உங்க காலத்து அனுபவத்தை ரெண்டு வரி எழுதுங்க, பசங்க சிரிக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு வரியில் அடங்காது. சிரிப்பார்களா என்பதும் சந்தேகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்து ஆட்களைப் புகழ நான் உட்காரவில்லை. "எஞ்சின் மேல காதை வச்சே சொல்லிடுவோம்" என்று மார்தட்டும் பழைய மெக்கானிக்குகளை எனக்கு நன்றாகத் தெரியும். காதை வைத்துச் சொன்னதையெல்லாம் நம்பி, நன்றாக இருந்த எஞ்சின்களைப் பிரித்துப் போட்டவர்கள் அவர்கள். கடைசியில் தரையில் மிஞ்சிக் கிடக்கும் நட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். டேப்லெட்டைப் பார்த்து வாய் பிளப்பவனும் காதைத் தொட்டுக் காட்டுபவனும் ஒரே ஜாதி. இருவருக்கும் கேள்வி கேட்கப் பிடிக்காது.

நான் கருங்குழிக்காரன். ஐ.டி.ஐ. படித்தேன். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, ஒரே மாதிரி உலோகத் துண்டுக்கு ஒரே மாதிரி ஓட்டை போட்டுச் சில வருஷங்களைக் கழித்தேன். பிறகு செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்த ஒரு பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கற்றுக்கொண்டது பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் வேலையில் வந்தது, பெரும்பாலும் அடுத்தவர் செய்த முட்டாள்தனத்தைப் பார்த்து.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ராகவன் அதற்குக் குறை வைத்ததே இல்லை. இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வாயில் எந்நேரமும் ஒரு பாகத்தின் பெயர். வண்டியில் மாட்டும் ஸ்கேனர் 'டீசல் அழுத்தம் குறைவு' என்று காட்டினால் போதும், அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட பாகங்களை வாழைத்தாரிலிருந்து பழம் பறிப்பது போல ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வார். எல்லாம் மாற்றியும் தீரவில்லை என்றால் ஒரே தீர்ப்பு: "டீசல் சரியில்ல சார். எங்க போடுறீங்க?" அந்தக் கேள்விக்கு எந்த வாடிக்கையாளரும் பதில் சொல்லி ஜெயித்ததில்லை. கலப்பட டீசல் என்று ஆகிவிட்டால் வாரன்டியும் கிடையாது. "பம்ப் நல்லாத்தானே சார் இருக்கு" என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "யோசிக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பிறகுதான் சுலோச்சனா மேடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படித்தவர். ஒர்க்‌ஷாப்புக்குள் நடக்கும் வேலை அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. ராகவனுக்கு வாடிக்கையாளர், இவருக்கு வண்டி என்று கம்பெனி பிரித்திருந்தது. என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதைக்குப் பின்னால் வரும் கேள்வியில் தோல் உரிந்துவிடும்.

அவர் வந்த வாரம் ஒரு கார் 'கடகட' சத்தத்தோடு வந்தது. எங்களில் ஒருவர் வீல் பேரிங் என்றார். இன்னொருவர் சஸ்பென்ஷன் என்றார். ராகவன் இரண்டையும் மாற்றச் சொன்னார். மேடம் கேட்டார்:

"ஏனுங்க, சத்தம் எப்பங்க வருது?"

"எப்பவும் வருது மேடம்."

"எப்பவுமா? நிக்கறப்பவும் வருதுங்களா?"

மேடம் சாவியை வாங்கி வண்டியில் ஏறினார். ஓட்டிப் பார்த்தார். வளைவில் மட்டும் வந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொன்னார். பக்கவாட்டுக் குழியிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்தது. ஏதோ கோயிலில் வாங்கியது போலும், குடுமி கூடப் போகவில்லை. அதைக் கையில் எடுத்து, பேரிங் என்று சொன்னவரிடம் நீட்டினார். "இதை ஸ்டோர்ல குடுத்து, புது பேரிங் வந்திருக்குன்னு எழுதிக்கச் சொல்லுங்க." அவர் முகத்தில் சிரிப்பின் சாயல் கூட இல்லை. எனக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். வண்டியைப் பற்றிப் பேசும்போது யாரும் பாகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. வண்டி என்ன செய்தது, எங்கே செய்தது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்காதவன் பானெட்டைத் திறக்கக் கூடாது. எங்களில் பாதிப் பேருக்கு நா எழவில்லை. பாகத்தின் பெயரைப் பிடுங்கிக்கொண்டால் பேச ஒன்றுமே இல்லாதவர்கள் இத்தனை பேரா என்று நானே அசந்துபோனேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு டீசல் கார் போய்வந்துகொண்டிருந்தது. மாமல்லபுரத்தில் ஓட்டல் வைத்திருந்த தனசேகர் என்பவருடையது. விமான நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றிவரும் வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எஞ்சின் அணைந்துவிடும். ஓரங்கட்டிச் சிறிது நேரம் விட்டால், ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப ஓடும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் நிற்கவே நிற்காது. எந்த மெக்கானிக்குக்கும் பிடிக்காத நோய் இதுதான். வருகிறபோது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம், நாம் இருக்கிறபோது அது வராது.

ராகவன் முதலில் ஃபில்டரை மாற்றச் சொன்னார். அடுத்த தடவை பம்பை. மூன்றாவது தடவை, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை. கூடவே ஒவ்வொரு தடவையும் தனசேகரிடம், "உங்க டிரைவர் எங்க டீசல் போடுறார்னு பாருங்க சார். எனக்கு வேற மாதிரி படுது" என்று சொல்லிவைத்தார். டேங்கைக் கழுவியதாகவும் சொன்னார்கள். மேலே ஒரு குழாயை விட்டு டீசலை உறிஞ்சி எடுப்பதற்கு எங்கள் இடத்தில் கழுவுவது என்று பெயர்.

அந்த டிரைவர் ஏகாம்பரம். மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் வீடு. தனசேகரிடம் வெகு காலமாக ஓட்டியவர். அவர் மனைவி மல்லிகாவும் அதே ஓட்டலில்தான் வேலை, சமையலறைச் சாமான் அறைக்குப் பொறுப்பு. அந்த இரண்டாவது தடவை, பம்பை மாற்றிக் கொடுத்த கொஞ்ச நாளில், தனசேகரே வண்டியில் இருக்கும்போது, ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸை முந்துகையில் எஞ்சின் அணைந்தது. எஞ்சின் போனால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும். எதிரே தண்ணீர் லாரி. ஏகாம்பரம் எப்படியோ இழுத்து மண்ணில் இறக்கினார். உயிரைக் காப்பாற்றியவருக்கு அன்று மாலையே தனசேகர் கொடுத்த பரிசு, எல்லாரும் பார்க்க ஓட்டல் வாசலில் வைத்து "டீசல் திருடன்" என்ற பட்டம். நல்ல டீசலை விற்றுவிட்டுக் கலப்படத்தை ஊற்றினானாம். வேலை போனது.

பிறகு தனசேகரே தன் கண் முன்னால் டேங்க் நிரம்ப டீசல் போட்டார். வண்டி நிற்கவில்லை. முள் கொஞ்சம் இறங்கினாலும் பயந்துபோய் மறுபடி நிரப்பினார். அப்போதும் நிற்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓட்டல் டிரைவர்கள் கூடும் டீக்கடை வரை அவரே போய்க் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். ஏகாம்பரத்துக்கு ஊரில் ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. சிற்பக்கூடம் ஒன்றில் கல் ஏற்றி இறக்கப் போனார். மல்லிகாவைச் சாமான் அறையிலிருந்து பாத்திரம் கழுவ மாற்றினார் தனசேகரின் மனைவி. திருடன் பெண்டாட்டி கையில் அரிசி, பருப்பு இருக்கக் கூடாதாம்.

பயம் தெளிந்ததும் தனசேகர் பழையபடி பாதி டேங்க் டீசலுக்குத் திரும்பினார். புது டிரைவர் கையிலும் வண்டி நின்றது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். "இவனும் அவன் கூட்டாளி" என்றார் அந்த மகான்.

அந்த நிலையில்தான் வண்டி சுலோச்சனா மேடத்திடம் வந்தது. தனசேகர் வாசலிலேயே சத்தம் போட்டார்.

"இன்னா மேடம், எத்தினி வாட்டி வர்றது? ஒவ்வொரு வாட்டியும் ஃபுல் டேங்க் போட்டுக்கினு வர்றேன், நல்லாக்கீதுன்னு திருப்பி அனுப்புறீங்க!"

'ஃபுல் டேங்க்' என்றதும் மேடம் என்னைப் பார்த்தார். பிறகு ராகவனிடம் திரும்பினார்.

"டீசல் கெட்டதுன்னு சொன்னீங்களாமே. யாருங்க பாத்தது? ஒரு பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கீங்களா?"

"அது... ஸ்கேனர்ல வந்ததை வச்சுச் சொன்னதுதான் மேடம்."

"ஸ்கேனர் டீசலை மோந்து பாக்குமாங்க?"

ராகவனுக்கு உடனே ஒரு போன் வந்தது. அவருக்கு இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் போன் வரும்.

"இந்த வண்டியை நெறைய ஓட்டுனவர் யாருங்க?" என்று மேடம் தனசேகரைக் கேட்டார். பெயரைச் சொல்லவே அவருக்கு வாய் கோணியது. மறுநாள் நான் பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன்.

ஏகாம்பரம் சிற்பக்கூடத்தில் இருந்தார். தலையிலிருந்து கால்வரை கல்தூள். என் சட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் கையிலிருந்த கடப்பாரையைக் கீழே போடாமலே பேசினார்.

"இன்னா, ஒர்க்‌ஷாப்பா? இன்னும் இன்னா பாக்கி கீது? நெத்தியில பச்சை குத்தணுமா?"

"வண்டி இன்னும் நின்னுக்கினுதாம்பா கீது. நீ போனப்புறமும்."

அவர் கடப்பாரையை மண்ணில் ஊன்றினார். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்ப நான் கனவுல போயி திருடுறேன் போலகீது."

"எப்படி நிக்குது, அத்த மட்டும் சொல்லு."

"சடன்னா நிக்காது சார். மொதல்ல மூச்சு வாங்கும். அழுத்தினா இழுக்காது. மூக்கைப் பொத்திக்கினு ஓடுற மாதிரி இருக்கும். அப்பால அணைஞ்சிடும். முள்ளு பாதிக்குக் கீழ எறங்குனாதான் ஆவும். ஃபுல்லா இருந்தா ஒரு பேஜாரும் இல்ல. மொதலாளி என்னிக்கு எனக்கு ஃபுல்லு போடக் குடுத்தாரு? இத்த உங்க ராகவன் சார்கிட்ட சொன்னேன். பாதி டேங்குல நிக்குதுன்னா மீதி பாதிய எவன் உறிஞ்சினான்னு சிரிச்சிக்கினே கேட்டாரு."

காரணமும் அவரே சொன்னார்: ஏசி. ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் வண்டி திரும்ப ஓடுகிறதாம். ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஓடியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நிற்பதைச் சரியாகப் பார்த்தவருக்கும் காரணம் என்று வந்தால் புத்தி பாகத்தின் பெயரைத் தேடித்தான் ஓடுகிறது.

"எப்ப இருந்து இப்படி?"

"டூரிஸ்ட் வேன்காரன் ரிவர்ஸ்ல வந்து பின்னாடி இட்ச்சான். அத்த உங்ககிட்ட வுட்டு எடுத்தப்புறம்தான்."

திரும்பி வந்து ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் இடித்ததைச் சொன்னதும் மேடம் எழுந்து பாடி ஷாப்புக்கு நடந்தார். அங்கே தகரம் தட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடிப்பார்கள். எஞ்சின் ஆட்களான நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அவர்களும் அப்படியே.

"தனசேகர் சார் வண்டி பின்னாடி வேலை செஞ்சீங்களே, டேங்கை எறக்குனீங்களா?"

"வெல்டிங் வைக்கிறதுன்னா எறக்காம முடியுமா மேடம்? தீப்பிடிச்சிக்கும்" என்றார் அங்கிருந்த மேஸ்திரி.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "மேடம், அப்ப இன்னிக்கே டேங்கை எறக்கிடலாம்."

"எதுக்குங்க?"

"உள்ள ஏதாவது விழுந்திருக்கும்."

"இருக்கலாம்ங்க. இல்லாமலும் இருக்கலாம். ஊகத்துக்கு நாம டேங்கை எறக்குனா, ஊகத்துக்கு இன்ஜெக்டரை மாத்துனவங்களுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்? மொதல்ல அது நிக்கோணும். நிக்கறப்ப நாம பாக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது.

டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயில், ஃபில்டருக்கு முன்னால், இழுப்பை அளக்கும் ஒரு மீட்டரைப் பொருத்தினேன். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு டீசலை உறிஞ்சுகிறது என்பதை அதன் முள் காட்டும். வழி தாராளமாக இருந்தால் முள் கீழேயே கிடக்கும். மீட்டருக்கும் டேங்குக்கும் நடுவில் எங்கேயாவது அடைத்தால் ஏறும். மீட்டருக்கு மேல், எஞ்சின் பக்கம் கோளாறு என்றால் ஏறாது. நீளமான குழாய் போட்டு மீட்டரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கையில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். கேட்க எளிது. ஒர்க்‌ஷாப்பில் அந்த மீட்டர் பல வருஷமாகப் பெட்டி பிரிக்காமலே இருந்தது. டேங்கில் பாதிக்குக் கீழே மட்டும் டீசல் விட்டு வைத்தோம்.

ஓட்டுவதற்கு ஏகாம்பரத்தை வரவழைத்திருந்தார் மேடம். தனசேகர் கத்தினார்: "அவன் என் வண்டியில குந்தக் கூடாது!"

"அப்படிங்களா? சரிங்க, வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க. நடுரோட்டுல நின்னா எனக்குப் போன் பண்ணாதீங்க."

தனசேகர் முணுமுணுத்துக்கொண்டே பின் ஸீட்டில் ஏறினார். பக்கத்தில் மேடம். முன்னால் நானும் ஏகாம்பரமும். முதலாளியும் டிரைவரும் கண்ணாடியில்கூட ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மாமல்லபுரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. முள் தூங்கியது. "பாத்தீங்களா, நல்லாத்தான் ஓடுது" என்றார் தனசேகர். இத்தனை நாள் வண்டி நிற்கிறது என்று கத்தியவர், அன்று அது நிற்காததற்குச் சந்தோஷப்பட்டார். ஏகாம்பரம் திருடன் என்பது நிலைக்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பி ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். சவுக்குத் தோப்பு ஒன்றைத் தாண்டும்போது ஏகாம்பரம் மெல்லச் சொன்னார்:

"வருது சார்."

எனக்கு எதுவும் தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். முள் எழுந்து ஏற ஆரம்பித்திருந்தது. ஏறியது, இன்னும் ஏறியது. வண்டி முனகியது. ஏகாம்பரம் பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, பதற்றமே இல்லாமல் மண்ணில் இறக்கினார். எஞ்சின் அணைந்தது. அவர் கை தன்னால் சாவிக்குப் போனது.

"சாவியைத் தொடாதீங்க!" மேடம் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சபாபதி, முள்ளை மட்டும் பாருங்க."

முள் உச்சியில் நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல இறங்கியது. பாதியில் சட்டென்று ஒரு துள்ளு துள்ளிக் கீழே விழுந்தது.

"இப்பத் திருப்புங்க."

முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களாங்க?" என்று மேடம் தனசேகரைக் கேட்டார்.

"இன்னா பாத்தேன்? நின்னுச்சு, ஓடுது. இதான் எனக்கே தெரியுமே!"

மேடம் பொறுமையாகச் சொன்னார். "இளநி குடிக்கறீங்க. ஸ்ட்ரா வாயில வழுக்கை வந்து ஒட்டிக்குது. எவ்வளவு உறிஞ்சுனாலும் வராது. உறிஞ்சறதை நிறுத்துனா வழுக்கை விலகிப் போயிரும். மறுபடி குடிக்கலாம். உங்க டேங்குக்குள்ள ஒரு வழுக்கை இருக்குதுங்க. டேங்க் நெறைஞ்சிருந்தா டீசல் அலையாது, அதுவும் ஒரு மூலையில படுத்திருக்கும். கொறைஞ்சா அலையடிச்சு அதைக் கொண்டுவந்து வாயில ஒட்டும்."

ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கியரைப் போட்டு வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் டேங்கை இறக்கினோம். சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் விட்டுத் தேடி, இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்தேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு பாலிதீன் துண்டு, டீசலில் ஊறி வழவழவென்று. ஓரத்தில் நீல நிற மாஸ்கிங் டேப் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ராகவன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் மூளை எப்போதும் வேலை செய்யும், ஒரே திசையில்.

"பங்க்ல இருந்துகூட வந்திருக்கலாம்ல மேடம்? டேங்குக்குள்ள வெளிப்பொருள்னு போட்டு முடிச்சிடலாம். கஸ்டமர் பக்கம்தான் வரும்."

மேடம் அவரைப் பாடி ஷாப்புக்கு அழைத்துப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே வேறொரு காரின் டேங்க் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. தூசி விழாமல் அதன் வாயில் பாலிதீன் சுற்றி, நீல டேப் ஒட்டியிருந்தார்கள். திரும்ப மாட்டும்போது அதைப் பிரிக்காமல் கிழித்து இழுப்பார்கள். ஒரு துண்டு உள்ளே போனால் யாருக்குத் தெரியும்?

"ஏனுங்க ராகவன், பங்க்லயும் இப்படி டேப் ஒட்டித்தான் டீசல் போடறாங்களா?"

அன்று அவருக்குப் போன் வரவில்லை.

தனசேகரிடம் மேடமே சொன்னார், மூடி மறைக்காமல்: கோளாறு டீசலில் இல்லை, டிரைவரிடம் இல்லை, எங்களிடம். அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, மாற்றிய பாகங்களுக்கு வாங்கிய பணம் திரும்ப வருமா என்பதுதான். வரும் என்றதும் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் மரத்தடியில் நின்ற ஏகாம்பரம் நினைவுக்கு வந்தார்.

"சரி வுடு. நாளைக்கி வேலைக்கு வந்துடு."

"வேலை வேணாம் மொதலாளி. டீக்கடையில வச்சி சொன்னே இல்ல, திருடன்னு? அங்க வந்து இல்லைன்னு சொல்லு. அத்து போதும்."

"இன்னாடா, நான் வந்து டீக்கடையில உன்னாண்ட மன்னிப்பு கேக்கணுமா?" தனசேகர் சிரித்தார். எங்களையும் பார்த்துச் சிரித்தார், நாங்கள் சேர்ந்து சிரிப்போம் என்று. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் மேடம் எனக்குப் போன் செய்தார். "சபாபதி, மகாபலிபுரம் போறேனுங்க. வர்றீங்களா?" கையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று வைத்திருந்தார். உள்ளே அந்தப் பாலிதீன் துண்டு. பஸ்ஸில்தான் போனோம்.

டீக்கடையில் காலை நாஸ்தா கூட்டம். ஓட்டல் டிரைவர்கள், வேன்காரர்கள், ஏகாம்பரத்துக்கு வண்டி தர மறுத்த ஒரு லாட்ஜ் முதலாளியும் இருந்தார். ஏகாம்பரத்தையும் மல்லிகாவையும் வரச்சொல்லியிருந்தார் மேடம். அவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். மேடம் பெஞ்சில் பாட்டிலை வைத்தார்.

"நான் செங்கல்பட்டு ஒர்க்‌ஷாப் மேனேஜருங்க. தனசேகர் சார் வண்டி நின்னதுக்குக் காரணம் இதுங்க. எங்க ஆளுங்க டேங்குக்குள்ள விட்டது. டீசல் நல்ல டீசல். ஏகாம்பரம் எதையும் திருடலை. அவரு மேல பழி போட்டது எங்க ஒர்க்‌ஷாப். தப்பு எங்களுதுங்க."

ஒரு வேன்காரர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத்த ஏன் மேடம் இத்தினி நாளா கண்டுக்கல?"

"பாக்கலைங்க. பாத்திருக்கோணும்."

லாட்ஜ் முதலாளி செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மல்லிகா முன்னால் வந்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எங்க மொதலாளியம்மாவாண்டயும் வந்து இத்த சொல்றீங்களா மேடம்?"

"எங்கங்க இருக்காங்க?"

"ஓட்டல்லதான்."

"வாங்க போலாம்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடம் நடந்தார். பின்னால் மல்லிகா, ஏகாம்பரம், நான், வேடிக்கை பார்க்கப் பாதி டீக்கடை. ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்து, அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னார். தனசேகரின் மனைவி, "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்றார். தனசேகர் மாடிப்படி வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிவிட்டார். மல்லிகா, காலையில் பாதி கழுவிவிட்டு வந்திருந்த அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஏகாம்பரம் அழுதார். அது வரை அடக்கி வைத்திருக்கிறார். அழுதுகொண்டே, "மேடம், டீ குடிக்கவே இல்லையே நீங்க" என்றார்.

கம்பெனிப் பெயரைக் கெடுத்ததாகச் சுலோச்சனா மேடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டீக்கடையில் போய்த் தவறை ஒப்புக்கொண்ட மேனேஜரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று பார்க்கவில்லை, மேடத்தையே மாற்றிவிட்டார்கள். எங்கோ ஒரு கோடிக் கிளைக்கு மாற்றல். அவர் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், நன்றாக நடக்கிறது என்று கேள்வி. ராகவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதில் ஆச்சரியப்படுகிறவர்கள் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஆகவே, டேப்லெட் வாங்கிய மகிழ்ச்சியில் இருப்பவர்களுக்கு: அதுவும் அன்று 'டீசல் அழுத்தம் குறைவு' என்றுதான் சொல்லியிருக்கும். உண்மையைத்தான் சொல்லியிருக்கும். எங்கள் ஸ்கேனரும் உண்மையைத்தான் சொன்னது. அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதனைத் திருடனாக்கினோம்.

ஏகாம்பரத்துக்கு அந்த வாரமே வேறொரு ஓட்டலில் வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்துச் சொந்தமாக ஒரு டீசல் கார் வாங்கி டாக்ஸி ஓட்டினார். எங்கள் கம்பெனி வண்டிதான். ஆனால் ஒரு தடவைகூட சர்வீஸுக்கு எங்களிடம் விட்டதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நீளமாக ஒரு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போவார். அந்த ஹாரன் எனக்கா, ஒர்க்‌ஷாப்புக்கா என்று நான் கடைசி வரை கேட்டுக்கொள்ளவில்லை.